18 நிமிடம், 20 குச்சி: ஆபீஸில் கைவேலை எதற்கு?

நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். மேசைமேல் வேகவைக்காத ஸ்பகெட்டி (நீளமான இத்தாலிய நூடுல்ஸ்) 20 குச்சி, ஒரு கஜம் செல்லோடேப், ஒரு கஜம் நூல், ஒரே ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். இவற்றை மட்டும் வைத்து 18 நிமிடத்துக்குள் தானாக நிற்கிற ஒரு கோபுரம் கட்ட வேண்டும். மிட்டாய் முழுசாக உச்சியில் இருக்க வேண்டும். யாருடைய கோபுரம் உயரமோ அவர்களுக்கு வெற்றி.

பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் யோசித்த விளையாட்டு இது. டாம் வூஜெக் என்பவர் இதைப் பல நாடுகளில், சுமார் 70 பட்டறைகளில் நடத்திப் பார்த்துவிட்டு, 2010இல் டெட் (TED) என்ற உரைமேடையில் அதைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் ஹெச்.ஆர். ஆட்களின் பையில் ஸ்பகெட்டி பாக்கெட்டும் ஏறிவிட்டது.

அவர் சொன்னதில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்: பிசினஸ் ஸ்கூல் முடித்தவர்களைவிட மழலையர் பள்ளி முடித்த பிள்ளைகள் உயரமாகக் கட்டினார்கள். சராசரிக் கோபுரம் சுமார் 20 அங்குலம். எம்.பி.ஏ. ஆட்கள் கட்டியது அதில் பாதி. குழந்தைகள் சராசரியைத் தாண்டிப் போனார்கள். கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் எல்லோரையும் முந்தினார்கள், அது நியாயம்தான். முக்கோணம் எப்படிப் பாரம் தாங்கும் என்பதுதானே அவர்கள் பிழைப்பு. இது ஆய்வுக்கூடத்தில் அளந்து எடுத்த கணக்கு இல்லை, பட்டறைகளில் பார்த்ததைத் தொகுத்துச் சொன்னது. அதனால் அங்குலக் கணக்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஏன் அப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் போதும்.

எம்.பி.ஏ. குழு முதலில் பேசும். யார் தலைமை, யார் நேரம் பார்ப்பது, எந்த வடிவம் நல்லது என்று பேச்சு போகும். பிறகு தாளில் படம் வரைவார்கள். பிறகுதான் குச்சிகளை ஒட்ட ஆரம்பிப்பார்கள். கோபுரம் அழகாக எழும்பும். கடைசி நிமிடத்தில் ஒருவர் மிட்டாயை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சியில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். கோபுரம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சரியும். இன்னொன்று கட்ட நேரம் இருக்காது.

குழந்தைகள் மிட்டாயிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஒரு குச்சியில் குத்திப் பார்ப்பார்கள், வளையும். இன்னும் இரண்டு குச்சி சேர்ப்பார்கள், நிற்கும். சரி, இன்னும் கொஞ்சம் உயரம் போகலாம் என்று அடுத்ததைக் கட்டுவார்கள். இப்படி 18 நிமிடத்துக்குள் பல கோபுரங்களைக் கட்டிக் கலைத்திருப்பார்கள். மார்ஷ்மெல்லோ பஞ்சு மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் ஸ்பகெட்டிக்கு அது பாரம். இந்த ஒரு விஷயம் குழந்தைகளுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது, பெரியவர்களுக்குப் பதினெட்டாவது நிமிடத்தில்.

முதல் தோசை சரியாக வராது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கல் காய்ந்ததா, மாவு புளித்ததா, எண்ணெய் போதுமா என்று அந்தப் பிய்ந்த தோசை சொல்லிவிடும். அதை யாரும் தோல்வி என்று நினைப்பதில்லை, சமைத்தவரே நின்றபடி சாப்பிட்டுவிட்டு அடுத்ததை ஊற்றுவார். ஆபீஸில் மட்டும் ஆறு மாதம் திட்டம் போட்டு, முதல் தோசையையே விருந்தாளியின் இலையில் வைக்கிறோம்.

ஆபீஸில் 'டீம் பில்டிங்' என்ற ஒரே பெயரில் பல சமாச்சாரங்கள் நடக்கின்றன. டூர் போவது, கிரிக்கெட் ஆடுவது, பொங்கலுக்குக் கோலப்போட்டி வைப்பது எல்லாம் பழக்கத்தை வளர்க்கும். அடுத்த நாள் லிஃப்டில் பார்த்தால் சிரித்துப் பேசுவார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. அதிலிருந்தே புது யோசனை முளைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பேராசை. நான் இங்கே சொல்வது ஒரு சின்ன வகையைப் பற்றி மட்டும்: மூன்று முதல் ஆறு பேர் கொண்ட குழு, கையில் பொருள், குறைந்த நேரம், ஒரு சிக்கல், அதன் விடை முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

அந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ஜிக்சா புதிர் சேர்ப்பதும் கைவேலைதான், ஆனால் முழுப் படம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் புள்ளிக்கோலம் போடும் விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். "அந்தப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று விழிப்பார். நாம் சொல்வது வேறு, கேட்பவர் காதில் விழுவது வேறு என்பதை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அங்கேயும் கோலம் ஏற்கெனவே இருக்கிறது. தெளிவாகச் சொல்லப் பழகத்தான் அது உதவும். படைப்பாற்றலுக்கான பயிற்சி என்றால், இல்லாத ஒன்றை உண்டாக்க வேண்டும்.

படைப்பாற்றல் என்றதும் "நமக்கு அதெல்லாம் வராது" என்று ஒதுங்குகிறவர்கள் அதிகம். கவிதை, ஓவியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலையிடத்தில் அதன் பொருள் ரொம்பச் சாதாரணம்: செய்வது புதிதாக இருக்க வேண்டும், உபயோகமாகவும் இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்து அடிக்கடி மாறிப்போகும் இரண்டு உதிரிபாக டப்பாக்களில் ஒன்றின் மூடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஸ்டோர்கீப்பர் செய்ததும் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏன் கையால் செய்ய வேண்டும்? உட்கார்ந்து பேசினால் போதாதா?

நம் ஆபீஸ் மீட்டிங் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேனேஜர் ஒரு யோசனை சொல்கிறார். அதில் ஓட்டை இருப்பது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண்ணுக்குத் தெரிகிறது. அவள் "சார், இது சரியா வராது" என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டாள். சொன்னால் அது யோசனையைப் பற்றிய பேச்சாக இருக்காது, சாரைப் பற்றிய பேச்சாகிவிடும். பேச்சில் பிறந்த யோசனைக்கு உடம்பு கிடையாது; சொன்னவரின் உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தட்டினால் ஆளைத் தட்டியதாகிறது.

அதே யோசனை அட்டையும் குச்சியுமாக மேசைமேல் நின்றால் கதை மாறுகிறது. "சார், இந்தக் கால் ஆடுது" என்று அதே பெண் சொல்வாள். சாரும் குனிந்து பார்ப்பார், "ஆமாம்மா, இங்கே ஒரு டேப் ஒட்டு" என்பார். யாருக்கும் முகம் சுருங்காது. குறை பொருளுக்குப் போய்விட்டது, ஆளுக்கு வரவில்லை. கைவேலைப் பயிற்சிகளில் கோபுரம், பாலம், பொம்மை என்று என்ன செய்தாலும் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் கட்சி.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மூலம் 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்து மேலாண்மை உலகில் பரவியது. சந்தேகம் கேட்டால், தவறை ஒப்புக்கொண்டால், அரைகுறை யோசனையைச் சொன்னால் தன்னை மட்டமாக நினைத்துவிட மாட்டார்கள் என்று ஒரு குழுவில் எல்லோருக்கும் நம்பிக்கை இருக்கிறதா என்பதே அதன் சாரம். அந்த நம்பிக்கையைச் சுற்றறிக்கை அனுப்பி வரவழைக்க முடியாது. "எல்லோரும் தைரியமாகப் பேசுங்கள்" என்று மேனேஜர் அறிவித்த மறுகணம் அறையில் விழும் அமைதியைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். சின்னச் சின்ன அனுபவமாகத்தான் அது சேரும். கோபுரத்தின் காலைக் குறை சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்படி ஒரு அனுபவம்.

அமெரிக்க வடிவமைப்பு நிறுவனமான ஐடியோவின் கதை ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும். ஜைரஸ் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்துக்காக, சைனஸ் அறுவைக்கு ஒரு புதுக் கருவியைப் பற்றி மருத்துவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதை மருத்துவர்கள் கையைக் காற்றில் அசைத்து விளக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த ஒருவர் வெளியே போய், வெள்ளைப்பலகை மார்க்கர் ஒன்று, பழைய ஃபிலிம் டப்பா ஒன்று, துணி காயப்போடும் கிளிப் ஒன்று, மூன்றையும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். "இந்த மாதிரியா?" மருத்துவர்கள் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். காற்றில் இருந்த பேச்சு பொருளுக்கு வந்தது. பிற்பாடு வந்த கருவிக்கு அந்த மூன்று பொருள் பொம்மைதான் மூதாதை. அது அழகாக இருந்திருந்தால், "இங்கே தப்பு" என்று சொல்ல மருத்துவர்கள் யோசித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். குப்பைத்தொட்டிச் சாமான் என்பதால் யாருக்கும் கூச்சமில்லை.

பேச்சை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய கதை உண்டு. 'பிரெயின்ஸ்டார்மிங்' என்பதைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர். கூடி உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், மனதில் பட்டதையெல்லாம் கொட்டினால் யோசனைகள் பெருகும் என்றார் அவர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நான்கு நான்கு பேராகக் கூடிப் பேசிய குழுக்கள் ஒரு பக்கம். தனித்தனியே உட்கார்ந்து யோசித்த நான்கு நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்தது இன்னொரு பக்கம். தனியாக யோசித்தவர்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை கிடைத்தது. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் பேச முடியும். மற்ற மூன்று பேரும் காத்திருக்கும்போது தங்கள் யோசனையை மறந்துவிடுவார்கள், அல்லது இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று விழுங்கிவிடுவார்கள். யாராவது சொல்வார்கள் என்று சும்மா இருப்பதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இதற்கு 1968இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் ஒரு எளிய வழி சொன்னார். ஆறு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கொரு தாளில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று யோசனை எழுதிப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். வந்த தாளில் இருப்பதைப் படித்து, அதற்குக் கீழே இன்னும் மூன்று. பேச்சே கிடையாது. அரை மணி நேரத்தில் 108 யோசனை. பாதி குப்பையாக இருக்கும், இருக்கட்டும். இதன் பெயரே 6-3-5 முறை. பைசா செலவில்லாத, முதல்முறை நடத்துபவரும் கெடுக்க முடியாத பயிற்சி இது. எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனமும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தது. 1990களில் அதன் தலைவர் கெல் கிர்க் கிறிஸ்டியான்சனுக்கு, தன் சொந்த அதிகாரிகளே மீட்டிங்குகளில் புதிதாக எதையும் யோசிப்பதில்லை என்ற அலுப்பு. குழந்தைகளின் கற்பனைக்குக் கட்டை செய்து விற்கிற கம்பெனி! சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி கல்லூரிப் பேராசிரியர்கள் யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் இருவரோடும் சேர்ந்து, அந்தக் கட்டைகளையே மீட்டிங் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். 'லெகோ சீரியஸ் ப்ளே' என்று பெயர். 2010இல் அதன் அடிப்படை முறையை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

அதன் ஒழுங்கு இப்படி: நடத்துபவர் ஒரு கேள்வி கேட்பார். "நம் வாடிக்கையாளருக்கு நாம் எப்படித் தெரிகிறோம்?" எல்லோரும் பேசாமல் தனித்தனியாக ஒரு உருவம் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் ஒவ்வொருவராக அதன் கதையைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் உருவத்தைப் பற்றித்தான் கேட்கலாம். "இந்தக் கதவு ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டால், கட்டியவர் தானே அப்போதுதான் யோசிப்பார். வாயே திறக்காதவர் என்று பெயர் வாங்கிய ஆளும் தன் உருவத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியே தீர வேண்டியிருக்கும், பேசுவார். எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோரும் சொல்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவரும் இல்லை. லெகோ நம் ஊரில் விலை அதிகம். களிமண், தீப்பெட்டி, ஐஸ் குச்சி, பழைய செய்தித்தாள் போதும். களிமண்ணை நான் அதிகம் விரும்புவேன். கையில் ஒட்டுகிற வரைக்கும் போனைத் தொட முடியாது.

பரிசு வைக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வூஜெக் ஒருமுறை பத்து மாணவர் குழுக்களுக்கு, உயரமான கோபுரத்துக்கு 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருள் என்று அறிவித்தார். ஒரு கோபுரம்கூட நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதே மாணவர்கள் மறுபடி விளையாடியபோது நன்றாகவே கட்டினார்கள். அதற்குள் செய்து செய்து பார்ப்பதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு உளவியலில் வலுவான பின்னணி உண்டு. கார்ல் டங்கர் என்ற உளவியலாளரின் மெழுகுவர்த்திப் புதிர்: ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு டப்பா நிறையக் குத்தூசிகள். மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். டப்பாவைக் காலி செய்து, அதையே குத்தூசியால் சுவரில் அடித்து, மேலே மெழுகுவர்த்தியை வைப்பதுதான் விடை. பலருக்குத் தோன்றாது. அது குத்தூசி போட்டுவைக்கும் டப்பா என்று கண் முடிவு செய்துவிடுகிறது. குத்தூசிகளை வெளியே கொட்டிவிட்டு டப்பாவைத் தனியாக வைத்துக் கொடுத்தால் சட்டென்று தோன்றும். 1962இல் சாம் கிளக்ஸ்பர்க் இதில் பணப் பரிசு வைத்துப் பார்த்தார். டப்பா காலியாக இருந்தபோது பரிசு வேகத்தைக் கூட்டியது. டப்பாவில் குத்தூசி இருந்தபோது, அதாவது பார்வையை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தபோது, பரிசுக்காகச் செய்தவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வழி தெரிந்த வேலைக்குப் பரிசு சாட்டை மாதிரி உதவும், வழி தேடும் வேலையில் கடிவாளமாகிவிடும். அதனால் கோபுரப் போட்டிக்கு ஒரு டைரி மில்க் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதையும் எல்லோரும் பிய்த்துச் சாப்பிட வேண்டும்.

முதல்முறை நடத்தப் போகிறவருக்குச் சில விவரங்கள் சொல்கிறேன். ஸ்பகெட்டி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அதற்குப் பதில் ஈர்க்குச்சி போதாதா என்றால், போதாது. ஈர்க்குச்சி வளையும், ஒடியாது, தவறை மன்னித்துவிடும். ஸ்பகெட்டி படக்கென்று ஒடிவதுதான் இதில் பாடம். மார்ஷ்மெல்லோ கிடைக்காத ஊரில் நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவு உருண்டை நன்றாக வேலை செய்யும், குச்சியும் குத்தி நிற்கும். எலுமிச்சம்பழம் வேண்டாம், எந்தக் கோபுரமும் தாங்காது.

குழுவுக்கு நான்கு பேர். ஆறுக்கு மேல் போனால் இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள். ஒரே துறை ஆட்களை ஒன்றாக விடாதீர்கள். வூஜெக்கின் பட்டறைகளில் தலைமை நிர்வாகிகள் மட்டும் கட்டியதைவிட, அவர்களுடைய உதவியாளர் ஒருவரும் சேர்ந்து கட்டியது உயரமாக இருந்தது. யாரை எப்போது எங்கே கோத்துவிட வேண்டும் என்பது அந்த உதவியாளர்களுக்குக் கைவந்த கலை. அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச், ரிசப்ஷன், ஆளுக்கொருவர் என்று கலந்துவிடுங்கள். உட்கார நாற்காலி வேண்டாம், நின்றால்தான் கைகள் மேசைக்கு வரும்.

மேனேஜரை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. சுற்றி நடந்து மேற்பார்வை பார்க்க விடவே கூடாது. பரீட்சை ஹால் ஆகிவிடும். அவரும் ஒரு குழுவில் நின்று கட்ட வேண்டும். அவர் குழுவின் கோபுரம் விழுந்தால் பாக்கியம். எல்லோரும் ஒருமுறை சிரித்துவிட்டால் மீதி மத்தியானம் நல்லபடியாகப் போகும்.

ஆரம்பத்திலேயே கோபுரத்துக்குப் போகாமல், கூச்சம் தெளிய ஐந்து நிமிடம் வேறு ஒன்று செய்யலாம். ஸ்டான்ஃபோர்டில் பாப் மெக்கிம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகள் இரண்டு. ஒன்று, பக்கத்தில் இருப்பவரின் முகத்தை அரை நிமிடத்தில் வரைந்து அவரிடமே காட்டுவது. பெரியவர்களிடம் இதைச் செய்தால் அறை முழுக்க "சாரி, சாரி" என்று கேட்கும். குழந்தைகள் சாரி சொல்ல மாட்டார்கள், பெருமையாக நீட்டுவார்கள். நமக்குள் எவ்வளவு பயம் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த 'சாரி' காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, ஒரு தாளில் 30 வெற்று வட்டங்கள். நிமிடக் கணக்கில் நேரம் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு பொருளாக மாற்றச் சொல்வது: கடிகாரம், அப்பளம், சைக்கிள் சக்கரம், பொட்டு. முப்பதையும் முடிப்பவர் குறைவு. ஏழெட்டு வட்டத்தோடு நிற்பவர் யோசனை வராமல் நின்றிருக்க மாட்டார், வந்ததையெல்லாம் "இது நல்லா இல்லை" என்று தானே அடித்துப்போட்டிருப்பார்.

கோபுரம் விழுந்தாலும் நின்றாலும், அதற்கப்புறம் நடக்கும் பேச்சுக்கு, கட்டிய நேரத்தைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 18 நிமிடம் கட்டினால் அரை மணி நேரம் பேசுங்கள். பெரும்பாலான இடங்களில் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். கைதட்டு, குரூப் போட்டோ, சமோசா, முடிந்தது. அப்படிச் செய்தால் அது பிறந்தநாள் விழா. மூன்று கேள்வி போதும். மிட்டாயை எத்தனையாவது நிமிடத்தில் வைத்தீர்கள்? யாராவது ஒன்று சொல்லி, அது யார் காதிலும் விழாமல் போனதா? நம் வேலையில் எது அந்த மிட்டாய்? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. அமைதியைத் தாங்கிக்கொண்டு காத்திருங்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது, "ஆடிட் டைமில் அந்த ஸ்டேட்மென்ட்" என்றோ, "கஸ்டமர்கிட்ட காட்டாமலே முடிச்ச டிசைன்" என்றோ ஆரம்பிப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்க வைத்தார்கள். புடவையில் வந்த அக்காக்கள் ஓரமாக நின்றார்கள், முதுகுவலிக்காரர் ஒருவர் மறைத்துக்கொண்டு இழுத்துவிட்டு மூன்று நாள் லீவு போட்டார். எனக்கு நினைவிருப்பது மோர்க்குழம்பு நன்றாக இருந்தது என்பது மட்டும்தான். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் உடையில், ஆபீஸ் மேசையில் எல்லோரும் செய்யக்கூடியதாக இருந்தால் போதும். கை நடுங்குபவர், பார்வை குறைந்தவர் யாராவது குழுவில் இருந்தால் ஸ்பகெட்டிக்குப் பதில் களிமண்ணை எடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிற குழுவாக இருந்தால், அவரவர் சமையலறையில் கைக்குக் கிடைக்கும் பத்துப் பொருளை வைத்துக் கட்டிக் கேமரா முன் காட்டச் சொல்லலாம். ஒரே பொருளை நான்கு கைகள் தொடுகிற ருசி அதில் வராது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

வருடத்துக்கு ஒருமுறை கோபுரம் கட்டிவிட்டு, மறுநாள் பழைய மீட்டிங்குக்கே திரும்பினால் மாவும் ஸ்பகெட்டியும் வீண். இரண்டு மூன்று முறை விளையாடிப் பழகியதும் மிட்டாயை விட்டுவிட்டுச் சொந்தச் சிக்கலையே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். உற்பத்தித் தொழிற்சாலைகளில் புது இயந்திரம் எங்கே வைப்பது என்பதை, பழைய அட்டைப்பெட்டிகளை அதே அளவில் வெட்டி நிறுத்திப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. தொழிலாளியே அதன் முன் நின்று கையை நீட்டி, எட்டுகிறதா என்று சொல்லிவிடுவார். செயலி செய்கிறவர்கள் ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்து, ஒருவர் விரலால் அழுத்த இன்னொருவர் அடுத்த தாளை மாற்றிவைத்து, ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்பே தவறுகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு சின்ன மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். காலையில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு பெரிய சார்ட் தாளை விரித்துச் சுவர்களைக் கோடாகப் போட்டு, டோக்கன் கவுண்டருக்கு ஒரு தீப்பெட்டி, பி.பி. பார்க்கும் இடத்துக்கு ஒன்று, டாக்டர் அறைக்கு ஒன்று, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு ஒன்று வையுங்கள். நோயாளிகளுக்குப் புளியங்கொட்டை. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் பட்டாணி. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், செக்யூரிட்டி, கூட்டிப் பெருக்கும் அம்மா, எல்லோரும் சுற்றி நின்று ஒரு காலை நேரத்தை நகர்த்திப் பார்க்கட்டும். ஏழெட்டு நிமிடத்தில் பி.பி. தீப்பெட்டிக்கு முன்னால் புளியங்கொட்டை குவியும். டாக்டர் தன் தீப்பெட்டியை வராந்தா மூலைக்கு நகர்த்திவிட்டு, "இப்போ சரியாயிடும்" என்பார். அப்போது கூட்டிப் பெருக்கும் அம்மா ஒரு பட்டாணியை விரலால் தள்ளிக்கொண்டே அந்த மூலைவரை போய் நிறுத்துவார். "இங்கே வண்டி திரும்பாதுங்க டாக்டர். தூண் இடிக்கும்."